நால்வர் எடுத்த வீட்டிலிருந்து ஒருவர் பாதியில் கிளம்பினால்

கடலூர் மாவட்டத்தில் கம்மாபுரம், மந்தாரக்குப்பம், கங்கைகொண்டான் பக்கம் வாடகைக்கு வீடு கேட்டு வருகிறவர்களில் ஆள் சேர்த்துக்கொண்டு வருகிறவர்கள் நிறைய உண்டு. என்எல்சி சுரங்கத்திலும் அனல்மின் நிலையத்திலும் ஒப்பந்த வேலைக்கு வந்தவர்கள், அப்ரெண்டிஸ் பயிற்சிக்கு வந்த ஐடிஐ, டிப்ளமோ பிள்ளைகள், ஒன்றிய அலுவலகத்திலோ வங்கியிலோ பள்ளியிலோ பணி கிடைத்து வெளியூரிலிருந்து வந்தவர்கள். சேத்தியாத்தோப்பு, புவனகிரி வழியாகச் சிதம்பரம் போனால் அண்ணாமலைநகரிலும் மாரியப்பா நகரிலும் முத்தையா நகரிலும் பல்கலைக்கழக மாணவர்கள் இதேபோல் மூன்று பேர், நான்கு பேராகச் சேர்ந்து வீடு எடுத்துத் தங்குகிறார்கள்.

இவர்கள் எல்லாருக்கும் வரும் சிக்கல் ஒன்றுதான். அக்ரிமெண்ட் 11 மாதத்துக்கு, எல்லாருக்கும் ஒரே தேதியில் முடிகிற மாதிரி எழுதப்படுகிறது. வேலையும் படிப்பும் அப்படி ஒரே தேதியில் முடிவதில்லை. அப்ரெண்டிஸ் காலம் ஒருவருக்கு மார்ச்சில் முடியும். இன்னொருவரின் காண்டிராக்டர் மாறிவிடுவார். ஆசிரியருக்கு இடமாறுதல் கலந்தாய்வில் ஊர் மாறிவிடும். வேளாண்மை படிக்கும் மாணவர் கடைசி ஆண்டில் கிராமத் தங்கல் பயிற்சிக்குப் போயாக வேண்டும். கிளம்புகிறவர் மேல் தப்பில்லை. ஆனால் அவர் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிய மறுமாதம் முதல் அவர் பங்கு வாடகை யார் தலையில் விழும் என்பதை அவர் ஏறுவதற்கு முன்பே தீர்த்துக்கொள்ள வேண்டும். அதற்கான வழியைத்தான் இந்த அத்தியாயம் சொல்கிறது.

அக்ரிமெண்டில் கையெழுத்து யாருடையது?

ஒருவர் கிளம்பப் போகிறார் என்று தெரிந்ததும் எல்லாரும் உட்கார்ந்து அக்ரிமெண்டை எடுத்துப் பாருங்கள். வாடகை எவ்வளவு என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். கடைசிப் பக்கத்தில் ‘வாடகைதாரர்’ என்ற இடத்தில் எத்தனை பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள் என்று பாருங்கள். மற்ற எல்லாம் அதைப் பொறுத்துத்தான் அமையும்.

நான்கு பேரும் கையெழுத்துப் போட்டிருந்தால், நான்கு பேரும் சேர்ந்து ஒரே வாக்குறுதி கொடுத்திருக்கிறீர்கள். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 43 இதைப் பற்றியது. பலர் சேர்ந்து ஒரு வாக்குக் கொடுத்தால், வாக்குப் பெற்றவர் அவர்களில் யாரை வேண்டுமானாலும் பிடித்து முழுவதையும் கேட்கலாம். சட்டமே ஓர் உதாரணம் தருகிறது: மூன்று பேர் சேர்ந்து 3,000 ரூபாய் தருவதாக ஒப்புக்கொண்டால், அந்த 3,000 முழுவதையும் மூவரில் ஒருவரிடமே வசூலிக்கலாம். உங்களுக்குள் நீங்கள் ஆளுக்கு 2,000 என்று பிரித்துக்கொண்டது வீட்டுக்காரரைக் கட்டுப்படுத்தாது. அவருக்கு அது 8,000 ரூபாய் வாடகை. கதவைத் திறக்கிறவரிடம் கேட்பார்.

அதே பிரிவில் உங்களுக்குத் துணையாகவும் ஒரு விதி இருக்கிறது. முழுத் தொகையையும் கட்டியவர், மற்றவர்களிடமிருந்து அவரவர் பங்கைக் கேட்டு வாங்கலாம். வேறு விதமாகப் பேசிக்கொள்ளாத வரைக்கும் பங்கு சமம். கிளம்பிப் போனவர் கொடுக்க வேண்டியதை நீங்கள் கட்டியிருந்தால், அது உங்கள் விதி என்று விட்டுவிட வேண்டியதில்லை. அவர் உங்களுக்குக் கடன்பட்டிருக்கிறார்.

இதற்கு அடுத்த 44ஆம் பிரிவு தெரியாமல்தான் நிறைய நட்பு முறிகிறது. கிளம்புகிறவர் வீட்டுக்காரரைப் பார்த்து, “அண்ணே, எனக்கு வேலை திருச்சியில ஆயிடுச்சு, நான் கிளம்புறேன்” என்பார். அவரும் நல்ல மனிதராக, “சரி தம்பி, போயிட்டு வா” என்பார். கிளம்புகிறவர் அத்தோடு கணக்கு முடிந்தது என்று நினைத்துக்கொள்வார். முடியவில்லை. வீட்டுக்காரர் ஒருவரை விடுவித்தால் மற்றவர்கள் விடுபட மாட்டார்கள். விடுவிக்கப்பட்டவரும் தன் கூட்டாளிகளுக்குப் பதில் சொல்லியாக வேண்டும் என்கிறது அந்தப் பிரிவு. வீட்டுக்காரர் தலையாட்டிவிட்டால் போதாது, கூட இருந்தவர்களும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஒருவர் மட்டும் கையெழுத்துப் போட்டு, மற்றவர்கள் அவரோடு தங்கியிருப்பது இரண்டாவது வகை. மந்தாரக்குப்பம் பக்கம் நான் அதிகம் பார்ப்பது இதைத்தான். முதலில் வந்தவர், அல்லது நிரந்தர வேலையில் இருப்பவர் பெயரில் அக்ரிமெண்ட். மற்றவர்கள் மாதம் பிறந்தால் அவருக்கு ஜிபே போடுவார்கள். இதில் கையெழுத்துப் போடாத ஒருவர் கிளம்பினால் முழுச் சுமையும் கையெழுத்துப் போட்டவர் மேல் விழும். கையெழுத்துப் போட்டவரே கிளம்பினால் நிலைமை இன்னும் மோசம். மீதிப் பேருக்கு அந்த வீட்டில் இருக்கச் சட்டப்படி பிடிமானமே இல்லை. அட்வான்ஸும் அவர் பெயரில் இருக்கிறது. அவர் கிளம்புவதற்கு முன்பே மற்றவர்கள் பெயரில் புதிய அக்ரிமெண்ட் எழுதிக்கொள்வதைத் தவிர இதற்கு வேறு வழியில்லை. அவர் கிளம்பிய பிறகு பேசிக்கொள்ளலாம் என்று விடாதீர்கள்.

எழுத்தே இல்லாமல், வாய்ப்பேச்சில் குடியிருப்பவர்களும் உண்டு. அது மாதவாடகைக் குடியிருப்பு. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், பிரிவு 106-இன்படி 15 நாள் முன்னறிவிப்பில் எந்தப் பக்கமும் முடித்துக்கொள்ளலாம். கிளம்புகிறவருக்கு வசதிதான். இருக்கிறவர்களுக்கும் அதே 15 நாள்தான் என்பதை மறக்க வேண்டாம்.

மாணவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். கல்லூரியில் முதலாண்டு சேரும்போது பலருக்கு 18 வயது நிறைந்திருக்காது. 18 நிறையாதவரின் ஒப்பந்தம் செல்லாது. அந்த வீட்டு அக்ரிமெண்டில் அப்பாவோ அம்மாவோ தங்கள் பெயரில் கையெழுத்திடட்டும். இல்லையென்றால் நான்கில் ஒருவர் பொறுப்பு வெறும் காகிதத்தில்தான் இருக்கும், கூட இருக்கும் மூவர் சுமப்பார்கள்.

2017ஆம் ஆண்டுச் சட்டம்

தமிழ்நாட்டில் 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், நில உரிமையாளர்கள் மற்றும் வாடகைதாரர்களின் உரிமைகள், பொறுப்புகளை ஒழுங்குபடுத்தும் 2017ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. நகர்ப்புற வீடுகளை முன்னிறுத்திய சட்டம் இது. சிதம்பரம் நகராட்சி, அண்ணாமலைநகர், கங்கைகொண்டான் பேரூராட்சிகள் போன்ற இடங்களில் வீடு எடுப்பவர்கள் இதைத் தெரிந்திருக்க வேண்டும். ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அதை வாடகை அதிகாரியிடம் பதிவுசெய்ய வேண்டும். துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத ஒருவர்தான் இந்த அதிகாரி. பதிவுக்கென்று அரசின் இணையதளம் இருக்கிறது.

நமக்கு இதில் வேண்டியவை மூன்று. எழுத்தில் வேறு விதமாக ஒத்துக்கொள்ளாத வரை மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது. வீட்டைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள், உரிய பிடித்தம் போக, அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும். வீட்டுக்காரரின் எழுத்துப்பூர்வச் சம்மதம் இல்லாமல் உள்வாடகைக்கு ஆள் வைக்கக் கூடாது. மூன்றாவது விதி கூட்டாகத் தங்குகிறவர்களை நேரடியாகத் தொடுகிறது: கிளம்புகிறவர் இடத்தில் ஒரு புதியவரைச் சத்தமில்லாமல் கொண்டுவந்து வைத்தால், அதையே காரணமாக்கி எல்லாரையும் காலி செய்யச் சொல்ல முடியும்.

கம்மாபுரம் மாதிரி ஊராட்சி எல்லைக்குள் இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் ஒப்பந்தச் சட்டமும் சொத்து மாற்றுச் சட்டமும்தான் கைகொடுக்கும். அதனால் அங்கே எழுதி வைத்துக்கொள்வது இன்னும் முக்கியம்.

பணக்கணக்கு

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். நான்கு பேர், வாடகை 8,000, அட்வான்ஸ் 24,000. ஆளுக்கு வாடகை 2,000, அட்வான்ஸில் பங்கு 6,000. 11 மாதத்தில் ஐந்தாவது மாதக் கடைசியில் ஒருவர் கிளம்புகிறார். மீதி ஆறு மாதம். அவர் பங்கு 12,000 ரூபாய். யாரும் புதிதாக வராவிட்டால் மற்ற மூவர் ஆளுக்கு மாதம் சுமார் 667 ரூபாய் கூடுதலாகக் கட்ட வேண்டும், ஆறு மாதத்துக்கு 4,000. அப்ரெண்டிஸ் உதவித்தொகையில் மாதத்தை ஓட்டுகிற பிள்ளைக்கு இது சின்னத் தொகை இல்லை. வீட்டுக்குப் பணம் அனுப்புகிறவர் அந்த மாதம் 667 குறைத்து அனுப்ப வேண்டியிருக்கும்.

என் கருத்து இதுதான்: கிளம்புகிறவர் ஒரு மாதம் முன்கூட்டிச் சொல்ல வேண்டும், சொன்ன பிறகு மாற்று ஆள் வரும் வரை, அதிகபட்சம் இரண்டு மாதம், தன் பங்கைக் கட்ட வேண்டும். மீதியெல்லாம் அவரே கட்டட்டும் என்பது கொடுமை. வேலை போய்க் கிளம்புகிறவரிடம் ஆறு மாத வாடகை கேட்டால் கிடைக்கவும் கிடைக்காது. மறுநாளே விலகிக்கொள்ளலாம் என்பது இருப்பவர்களுக்குக் கொடுமை. இரண்டு மாதத்துக்குள் ஆள் தேடி வைக்கும் பொறுப்பு இரண்டு தரப்புக்கும் உண்டு.

அட்வான்ஸ் விஷயத்தில் ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. கிளம்புகிறவர் தன் 6,000-ஐ வீட்டுக்காரரிடம் போய்க் கேட்கிறார். வீடு இன்னும் காலியாகவில்லை. மற்றவர்கள் இருக்கிறார்கள். அந்த 24,000 முழு வீட்டுக்கான ஈடு. அதைப் பிய்த்துக் கொடுக்க வீட்டுக்காரர் சம்மதிக்க மாட்டார், அதில் நியாயமும் இருக்கிறது. புதிதாக வருகிறவர் தன் 6,000-ஐக் கிளம்புகிறவர் கையில் கொடுத்துவிட்டு அந்தப் பங்கை ஏற்றுக்கொள்வதுதான் எல்லாருக்கும் சுலபம். வீட்டுக்காரரிடம் இருக்கும் 24,000 அப்படியே இருக்கும்.

ஆனால் ஒன்று கவனிக்க வேண்டும். புதியவர் பழைய சேதத்தையும் சேர்த்து வாங்கிக்கொள்ளக் கூடாது. உடைந்த வாஷ்பேசின், ஆணி அடித்த சுவர், கறைபிடித்த தரை எல்லாவற்றையும் கிளம்பும் நாளன்று செல்பேசியில் வீடியோ எடுங்கள். வீட்டுக்காரரையும் கூட்டி வந்து காட்டுங்கள். சரிசெய்ய 2,000 ஆகும் என்று அவர் சொன்னால், கிளம்புகிறவர் பங்காக 500 கழித்து 5,500-ஐப் புதியவர் கொடுக்கட்டும். கழித்த 500-ஐப் புதியவர் மூவரிடம் கொடுத்து வைக்கட்டும். ஆறு மாதம் கழித்து வீட்டைக் காலி செய்யும்போது யார் உடைத்தது என்று சண்டை வராது.

கடைசி மாத வாடகையை அட்வான்ஸில் கழித்துக்கொள்ளலாம் என்று கிளம்புகிறவர் சொல்வார். கூட்டு வீட்டில் இதை ஒத்துக்கொள்ளாதீர்கள். அவர் போன பிறகு அட்வான்ஸில் இருக்கும் ஓட்டை உங்கள் ஓட்டை.

கரண்ட் பில்

வாடகையைவிட அதிகமாகச் சண்டை வருவது இதில்தான், ஏனென்றால் மின்வாரியம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் கணக்கெடுக்கிறது. நடுவில் கிளம்புகிறவர் ‘பில் வரட்டும், அனுப்புறேன்’ என்று சொல்லிவிட்டுப் போவார். பில் வரும்போது அவர் எண் மாறியிருக்கும்.

கிளம்பும் நாளன்று காலையில் மீட்டரைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எண்ணும் தேதியும் தெரிய வேண்டும். போன கணக்கெடுப்பிலிருந்து அன்றுவரை 150 யூனிட் ஓடியிருக்கிறது, அடுத்த கணக்கெடுப்பில் மொத்தம் 250 என்று வைத்துக்கொள்வோம். அவர் இருந்த காலத்தில் ஓடியது ஐந்தில் மூன்று பங்கு. அதில் நான்கில் ஒரு பங்கு அவருடையது, அதாவது மொத்த பில்லில் நூற்றுக்கு 15. பில் 500 என்றால் அவர் 75 ரூபாய் தர வேண்டும்.

இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம், அதற்கு மேல் போகப் போக விலை ஏறும். அதனால் யூனிட்டுக்கு இவ்வளவு என்று அன்றே கணக்குப் போட்டால் தவறாகும். உத்தேசமாக 100 ரூபாயை முன்பணமாக வாங்கி வைத்துக்கொண்டு, பில் வந்ததும் மீதியைத் திருப்பி அனுப்பினால் போதும். வீட்டுக்காரரே யூனிட்டுக்கு இவ்வளவு என்று வாங்குகிற வீடு என்றால் அன்றே தீர்த்துவிடலாம்.

சிலிண்டர் யார் பெயரில் இருக்கிறது, வைஃபை யார் பெயரில் இருக்கிறது என்றும் பாருங்கள். கிளம்புகிறவர் பெயரில் இருந்தால் அவர் கிளம்பும் முன்பே மாற்றவோ ஒப்படைக்கவோ வேண்டும். கூட்டாக வாங்கிய ஃபிரிட்ஜுக்கும் வாஷிங் மெஷினுக்கும் பழைய பொருள் கடையில் என்ன விலை தருவார்கள் என்று கேட்டு, அதில் பங்கைக் கொடுத்து முடியுங்கள். வாங்கின விலையைச் சொல்லிக் கேட்பது நியாயமில்லை.

மாற்று ஆள்

புதியவரை யார் தேர்ந்தெடுப்பது? வீட்டில் தொடர்ந்து இருக்கப் போகிறவர்கள். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. குறிப்பாகப் பெண்கள் சேர்ந்து எடுத்த வீட்டில், கிளம்புகிறவர் தன் அட்வான்ஸ் சீக்கிரம் கைக்கு வர வேண்டும் என்று முகம் தெரியாத ஒருவரைக் கொண்டுவந்து விடக் கூடாது. இரவுப் பணி முடிந்து வந்து தூங்குகிற செவிலியருக்கு அடுத்த கட்டிலில் இருப்பவர் யார் என்பது வாடகைக் கணக்கைவிடப் பெரிது.

வீட்டுக்காரரின் சம்மதமும் வேண்டும் என்று முன்பே சொன்னேன். இங்கே பேசாமல் விடக் கூடாத ஒன்று உண்டு. நம் பக்கத்தில் பல வீடுகளில் வேலை என்ன, ஊர் எது என்று கேட்ட பிறகு, “நீங்க என்ன ஆளுங்க?” என்ற கேள்வியும் வருகிறது. அந்தப் பதிலை வைத்து ஆளை மறுக்கிறார்கள். வெளியே சொல்லும் காரணம் வேறாக இருக்கும். இப்படி மறுக்கப்பட்டவர் தலைகுனிந்து போவது ஒருபக்கம். மாற்று ஆள் வராததால் இருக்கிறவர்கள் மேல் பாரம் ஏறுவது இன்னொரு பக்கம்.

இதற்கு ஒரே தடுப்பு, வீடு எடுக்கும்போதே அக்ரிமெண்டில் ஒரு வரி சேர்ப்பதுதான்: ‘வேலை அல்லது படிப்புச் சான்றும் ஆதார் நகலும் காட்டும் மாற்று நபரை உரிமையாளர் மறுக்கக் கூடாது, மறுத்தால், கிளம்பும் நபரின் பங்கு வாடகையை மற்றவர்களிடம் கேட்கக் கூடாது.’ இந்த வரியைச் சேர்க்க ஒப்புக்கொள்ளாத வீட்டுக்காரர் எப்படிப்பட்டவர் என்று முன்னாலேயே தெரிந்துவிடும். அது உங்களுக்கு லாபம்தான்.

ஆதார் நகல் கொடுக்கும்போது அதன் மேலேயே ‘வீட்டு வாடகைக்காக மட்டும்’ என்று தேதி போட்டு எழுதிக் கொடுங்கள்.

எழுத வேண்டிய காகிதம்

விலகுகிறவர், இருக்கிறவர்கள், புதியவர், வீட்டுக்காரர் எல்லாரும் கையெழுத்துப் போடும் ஒரே தாள் போதும். வக்கீல் மொழி தேவையில்லை. இப்படி எழுதலாம்:

‘இன்ன தெரு, இன்ன எண் வீட்டுக்கு இன்ன தேதியில் எழுதிய வாடகை ஒப்பந்தத்திலிருந்து இன்னார் இன்ன தேதியோடு விலகுகிறார். அவர் பங்கு அட்வான்ஸ் 6,000 ரூபாயில் சேதத்துக்கு 500 கழித்து 5,500 ரூபாயை இன்னாரிடமிருந்து பெற்றுக்கொண்டார். அன்றைய மின்மீட்டர் அளவு இன்னது. அந்தத் தேதிக்குப் பிறகு வரும் வாடகைக்கும் சேதத்துக்கும் அவர் பொறுப்பில்லை. அவர் இடத்தில் இன்னார் அதே நிபந்தனைகளோடு வாடகைதாரராகச் சேர்கிறார். இதை உரிமையாளரும் மற்ற வாடகைதாரர்களும் ஒப்புக்கொள்கிறோம்.’

‘அவர் பொறுப்பில்லை’ என்பதையும் ‘மற்ற வாடகைதாரர்களும்’ என்பதையும் விட்டுவிடாதீர்கள். இரண்டும் இருந்தால்தான் 44ஆம் பிரிவு திறந்து வைத்திருக்கும் கதவு மூடும். பழைய ஒப்பந்தம் பதிவானது என்றால், இந்த மாற்றத்தையும் அங்கே கொண்டுபோய்ப் பதியுங்கள்.

ஆள் கிடைக்கவில்லை, ஆனால் கிளம்பியே ஆக வேண்டும் என்றால், கிளம்புகிறவர் இரண்டு மாதப் பங்கை முன்கூட்டியே கொடுத்துவிட்டு அதற்கு ரசீது வாங்கட்டும். வீட்டுக்காரரிடம் வாயால் சொன்னது போதாது; அஞ்சலகத்தில் ஒப்புகையோடு ஒரு கடிதம் அனுப்புங்கள். வாட்ஸ்அப் செய்தியும் அனுப்புங்கள், அழிக்காமல் வையுங்கள்.

போக்கியத்துக்கு, அதாவது பெருந்தொகை கொடுத்து மாத வாடகை இல்லாமல் வீடு எடுத்திருந்தால், மேலே சொன்ன எதையும் தள்ளிப்போடாதீர்கள். மூன்று பேர் சேர்ந்து 3 லட்சம் கொடுத்திருந்தால் ஒருவர் பங்கே 1 லட்சம். அந்தத் தொகை யார் யார் கணக்கிலிருந்து போனது என்று ஆவணத்திலேயே பெயரோடு எழுதியிருக்க வேண்டும். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை என்றால் பதிவு கட்டாயம்.

புயலும் வெள்ளமும்

2011 டிசம்பர் 30 அன்று தானே புயலைப் பார்த்த மாவட்டம் இது. 2015 மழையையும் பார்த்தது. கூரை போன வீட்டிலிருந்து ஒருவர் கிளம்பினால் அது பாதியில் விலகுவது ஆகாது. தீ, புயல், வெள்ளத்தால் வீட்டின் முக்கியப் பகுதி அழிந்தோ, நிரந்தரமாகக் குடியிருக்கத் தகுதியற்றோ போனால், வாடகைதாரர் விரும்பினால் ஒப்பந்தத்தையே முடித்துக்கொள்ளலாம் என்று சொத்து மாற்றுச் சட்டத்தின் 108ஆம் பிரிவு சொல்கிறது. நான்கு நாள் தண்ணீர் நின்று வடிந்தது இதில் சேராது. படம் எடுத்து, எல்லாரும் சேர்ந்து ஒரே கடிதமாக எழுதிக் கொடுங்கள்.

பேச்சு முறிந்தால்

முதலில் கிளம்பியவரின் வீட்டுப் பெரியவரிடம் பேசுங்கள். பல கணக்குகள் அங்கேயே முடிந்துவிடும். முடியாவிட்டால் கடலூரில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, சிதம்பரத்திலும் விருத்தாசலத்திலும் வட்ட அளவில் குழுக்கள் இருக்கின்றன. பெண்கள், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், தொழிலாளர்கள், வருமான வரம்புக்குள் இருப்பவர்கள் இலவசமாக வக்கீல் உதவி கேட்கலாம். தொலைபேசி எண் 15100. வழக்குப் போடுவதற்கு முன்பே சமரசத்துக்கு எடுத்துக்கொள்ளச் சொல்லியும் மனு கொடுக்கலாம். நான்காயிரம், ஐந்தாயிரம் ரூபாய் தகராறுக்கு அதுவே போதுமான இடம்.

போகும்போது அக்ரிமெண்ட், விலகல் தாள், பணம் அனுப்பிய விவரம், மீட்டர் படம் நான்கையும் எடுத்துப் போங்கள். இப்படிப்பட்ட பாக்கிக்கு வழக்குத் தொடர மூன்று ஆண்டு அவகாசம் உண்டு. அதுவரை அவற்றை ஒரு செல்பேசியில் மட்டும் வைத்திருக்காமல், நான்கு பேரும் ஆளுக்கொரு நகல் வைத்துக்கொள்ளுங்கள்.